பெரிய கூலன்ட் டாங்க் பூட்டியும் கார் கொதித்தால்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

திருகோணமலையில் டேர்போ கார் வைத்திருப்பவர்களுக்குக் கச்சான் காற்று வீசும் மாதங்கள்தான் சோதனைக் காலம். ஆனி, ஆடியில் பகல் வெப்பம் 35 பாகையைத் தாண்டும். வருகிற காற்றே சூடாக இருந்தால் ரேடியேற்றர்தான் என்ன செய்யும்? போதாததற்கு 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மறுபடி வழி திறந்தது. அந்த இடைவெளியில் கையில் இருந்த இம்ப்ரேசாவையும் லான்சர் எவோவையும் ஸ்டார்லெட்டையும் எல்லாரும் பொத்திப் பொத்தி ஓட்டினார்கள். இப்போது அவற்றின் பிளாஸ்டிக் கூலன்ட் போத்தல்கள் மஞ்சளித்து, தையலில் வெடிப்பு ஓடிக் கிடக்கின்றன. கழற்றுவதுதான் கழற்றுகிறோம், பெரிய அலுமினிய டாங்க்காகப் போட்டுவிடுவோம் என்று பலரும் போடுகிறார்கள். நல்ல வேலைதான். ஆனால் பூட்டிய அடுத்த கிழமையே, "புது டாங்க் போட்டும் கொதிக்குதே" என்ற முறைப்பாடு வருகிறது.

கணக்கைப் பார்த்தால் விஷயம் விளங்கும். ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க 4.2 கிலோஜூல் வேண்டும். 200 குதிரைவலு எஞ்சின் முழு மூச்சில் இழுக்கும்போது கூலன்ட்டுக்குள் இறங்கும் வெப்பம் 50 கிலோவாட்டுக்குக் குறையாது. ஆகவே டாங்க்கில் ஒரு லீற்றர் கூடுதலாக இருந்தால், அந்தத் தண்ணீர் 20 பாகை ஏறுவதற்குள் உங்களுக்குக் கிடைக்கும் அவகாசம் இரண்டு விநாடிகூட இல்லை. வெப்பத்தை வெளியே தள்ளுவது ரேடியேற்றரும் காற்றும் பம்பும்தான். பெரிய டாங்க் செய்வது வேறு இரண்டு வேலைகள்: சூட்டில் விரியும் கூலன்ட்டுக்கு இடம் கொடுக்கும், சரியாகப் பூட்டினால், ஓட்டத்தில் சிக்கிய காற்றைப் பிரித்து எடுக்கும். எனவே பூட்டிய பிறகும் கொதித்தால், ஒன்று குழாய் பூட்டியதில் கோளாறு, அல்லது பழைய நோய் அப்படியே இருக்கிறது.

எதைத் தொடுவதற்கு முன்னும் எஞ்சின் ஆறட்டும். மேல் ஹோஸைக் கையால் நசுக்கிப் பாருங்கள். விறைப்பாக இருந்தால் உள்ளே இன்னும் அழுத்தம் இருக்கிறது, மூடியில் கை வைக்காதீர்கள். சாரத் துணியைப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்பவர்கள் பேச்சைக் கேட்க வேண்டாம்.

உங்கள் காரில் எந்த வகை டாங்க்?

இது தெரியாமல் கீழே உள்ள எதையும் பார்ப்பதில் பயனில்லை. அழுத்த மூடி ரேடியேற்றரின் கழுத்தில் இருந்து, அதன் பக்கத்துச் சின்ன முனையிலிருந்து ஒரு மெல்லிய குழாய் போத்தலுக்குப் போனால், அது மீட்புப் போத்தல். அதற்குள் அழுத்தம் கிடையாது. மூடி வெறும் தூசி மூடி. அழுத்த மூடி டாங்க்கின் மேலேயே இருந்து, அடியிலிருந்து தடித்த ஹோஸ் ஒன்று பம்பின் உறிஞ்சும் பக்கத்துக்குப் போனால், அது அழுத்த டாங்க். ஹெடர் டாங்க் என்றும் சொல்வார்கள். கூலன்ட் அதன் ஊடாகவே ஓடும்.

டேர்போ இம்ப்ரேசாவில் இரண்டும் உண்டு: எஞ்சின்மேல் ஒரு சின்ன அழுத்த டாங்க், தனியாக ஒரு மீட்புப் போத்தல். ரேடியேற்றரிலும் ஒரு மூடி, அழுத்த டாங்க்கிலும் ஒரு மூடி. இரண்டும் ஒரே அழுத்தம் இல்லை. டாங்க்கில் இருப்பது முதலில் திறக்க வேண்டும் என்பதால் அது குறைந்த அழுத்தத்துக்கானது. கழுவும்போது கழற்றிவைத்து மாற்றிப் பூட்டிவிட்டால் ஒன்றும் உடையாது, ஆனால் காற்றுப் போகும் வழி குழம்பும். பார்க்கச் சின்ன விஷயம், தேடினால் நாள் முழுக்கப் போகும்.

அறிகுறி: ஆறிய பிறகும் போத்தல் நிறைந்தபடி, ரேடியேற்றரைத் திறந்தால் தண்ணீர் கீழே

மீட்புப் போத்தல் வகையில் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இதுதான். சூட்டில் விரிந்து வெளியே போன கூலன்ட், ஆறும்போது உறிஞ்சப்பட்டுத் திரும்பி வர வேண்டும். வரவில்லை. அந்த இடத்தைக் காற்று பிடித்துக்கொள்கிறது. ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடி, ஒருநாள் கந்தளாய் ரோட்டில் வெப்பம் காட்டும் முள் ஏறும்.

முதலில் டாங்க்குக்குள் பாருங்கள். கடையில் வாங்கும் அலுமினிய டாங்க்குகள் பலவற்றில் குழாய் முனை மேல் பக்கத்தில் இருக்கும். உள்ளே அடிவரை இறங்கும் குழாய் இருக்காது. இளநீரில் ஸ்ட்ரோவின் நுனி தண்ணீருக்கு மேலே நின்றால் என்ன வரும்? அதேதான் இங்கேயும்: போகும்போது கூலன்ட் போகும், வரும்போது காற்று வரும். சூடு தாங்கும் ரப்பர்க் குழாயை உள்முனையில் மாட்டி அடிவரை இறக்கலாம். ஆனால் அது கழன்று விழுந்தால் வெளியே தெரியாது. வெல்டிங்காரரிடம் கொடுத்து அலுமினியக் குழாயாகவே ஒட்டுவிப்பது உத்தமம். டாங்க்கின் அடியில் முனை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள், மேல் முனையைக் காற்றுப் போக விட்டுவிடுங்கள். இரண்டு முனையையும் பூட்டி, மூடியையும் இறுக்கி, காற்றே போகாதபடி அடைத்த டாங்க்குகளும் உண்டு. அவற்றில் திரும்பி வர வழியே இல்லை.

அடுத்தது மூடி. கவிழ்த்துப் பாருங்கள். கீழ் ரப்பரில் கழுத்தின் விளிம்பு பதிந்த வட்டத் தடம் ஒன்று இருக்கும். அது முழு வட்டமாக, ஒரே ஆழத்தில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் தடமே இல்லாமலும் இருந்தால் மூடி சரிந்து உட்காருகிறது. தடமே இல்லையென்றால் கழுத்தின் ஆழமும் மூடியின் ஆழமும் பொருந்தவில்லை. ஜப்பான் கார்களிலேயே மூடி இரண்டு அளவில் வரும், சந்தை டாங்க் எதற்கு என்று பெட்டியில் எழுதியிருக்காது. நடுவில் உள்ள சின்னத் தகட்டை நகத்தால் இழுத்து விடுங்கள். சட்டென்று மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் ஆறும்போது கூலன்ட்டைத் திரும்ப விடும் வால்வு. துருவும் உப்பும் பிடித்து ஒட்டிக்கிடந்தால் மூடியை மாற்றுங்கள். சுத்தம் பண்ணி வைத்துக்கொள்ளும் பொருள் அல்ல அது. மூடியின் மேல் ரப்பரும் முக்கியம். அது கிழிந்திருந்தால் போத்தலிலிருந்து உறிஞ்ச வேண்டிய இடத்தில் வெளிக்காற்று உள்ளே போகும்.

மூன்றாவது, இடையில் உள்ள மெல்லிய குழாய். வெக்குயம் வேலைக்கு விற்கும் மெல்லிய சிலிக்கான் குழாயைப் போட்டிருந்தால், உறிஞ்சும்போது அது தட்டையாகி அடைத்துக்கொள்ளும். வளைவில் நெரிந்திருக்கிறதா என்றும் தடவிப் பாருங்கள்.

அறிகுறி: காலையில் பொனட்டைத் திறந்தால் மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கிறது

முந்தையதன் உடன்பிறப்புத்தான். உள்ளே வெற்றிடம் உண்டாகி, திரும்பி வர எதுவும் இல்லை. மூடியின் நடு வால்வு ஒட்டியிருக்கும், இல்லாவிட்டால் குழாய் அடைத்திருக்கும். மூடியை மெல்லத் திறந்தவுடன் "உஸ்" என்று காற்று உள்ளே இழுத்து ஹோஸ் நிமிர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

அறிகுறி: ஒவ்வொரு ஓட்டத்துக்கும் கொஞ்சம் கூலன்ட்டை வெளியே கொட்டுகிறது

எவ்வளவு கொட்டுகிறது, எப்போது நிற்கிறது என்பதைப் பாருங்கள். அழுத்த டாங்க்கைக் கழுத்துவரை நிரப்பியிருந்தால், விரிவதற்கு இடமில்லாமல் மிச்சத்தைத் தள்ளிவிட்டுத் தானாக நின்றுவிடும். 7 லீற்றர் கொள்ளும் எஞ்சினில் பாதிக்குப் பாதி கலவை 30 பாகையிலிருந்து 95 பாகைக்குப் போகும்போது ஏறக்குறைய 300 முதல் 400 மில்லிலீற்றர் விரியும். அந்த அளவு காலியிடம் டாங்க்கில் இருக்க வேண்டும். ஆறிய நிலையில் பாதியளவு நிரப்பினால் போதும். புது டாங்க்கில் கோடு இல்லையென்றால் நீங்களே அளந்து ஊற்றி ஒரு கோடு போட்டுவிடுங்கள்.

நிற்காமல் கொட்டிக்கொண்டே இருந்தால் மூடி அழுத்தத்தைப் பிடிக்கவில்லை, அல்லது உள்ளே வாயு போகிறது. மூடியின் மேல் 0.9, 1.1, 1.3 என்று எழுதியிருக்கும். கராஜில் கைப்பம்பு வைத்து அந்த அழுத்தம்வரை பிடிக்கிறதா என்று பார்க்கலாம், சில நிமிட வேலை. இந்த அழுத்தம் வீணுக்கு இல்லை: பாதிக்குப் பாதி கலவை திறந்தவெளியில் 107 பாகையில் கொதிக்கும், 1.1 மூடி நல்லபடி பிடித்தால் அதற்கும் 20 பாகைக்கு மேல் தாங்கும். அதற்காக 1.3 போட்டால் இன்னும் நல்லது என்று ஓடாதீர்கள். 20 வருடப் பிளாஸ்டிக் தலை வைத்த ரேடியேற்றர், அலுமினியத்தோடு மடித்துப் பூட்டிய விளிம்பில் பிளக்கும். கம்பெனி கொடுத்த அளவே போதும்.

இன்னொன்று: அழுத்த டாங்க் பூட்டும்போது ரேடியேற்றரின் பழைய மூடியை அப்படியே விட்டுவிடுகிறார்கள். இரண்டு மூடி இருந்தால் குறைந்ததுதான் முதலில் திறக்கும். இரண்டுக்கும் சேர்த்துத் தயாரித்த கார் இல்லையென்றால், ரேடியேற்றர் கழுத்துக்கு வால்வு இல்லாத அடைப்பு மூடி போடுங்கள்.

அறிகுறி: டாங்க்குக்குள் குமிழி

இங்கேதான் மனிதர்கள் பயந்து எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிவிடுகிறார்கள். பொறுங்கள். குமிழி மூன்று விதம்.

கூலன்ட் மாற்றிய பிறகு வரும் குமிழி, சிக்கிய காற்று. வரும், குறையும், நிற்கும். உவர்மலை ஏற்றம் போன்ற ஒரு சரிவில் காரின் மூக்கை மேலே வைத்து நிறுத்துங்கள். ஹீற்றரை முழுச் சூட்டில் திருப்புங்கள். நம் ஊரில் ஹீற்றரை யாரும் தொடுவதில்லை, வால்வு இறுகிக் கிடக்கும். சில கார்களில் முன்பு யாரோ ஹீற்றர் ஹோஸ் இரண்டையும் சேர்த்துச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அழுத்த டாங்க்கின் அடி ஹோஸை அந்த வழியில் இணைத்திருந்தால் ஓட்டம் இருக்கிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும். தேர்மோஸ்டற் (சூடேறியதும் கூலன்ட்டை ரேடியேற்றருக்கு விடும் வால்வு) திறந்து, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை மெல்ல ரேஸ் கொடுத்துக்கொண்டே நிரப்புங்கள்.

இரண்டாவது, எஞ்சினை வேகமாகச் சுற்றும்போது மட்டும் டாங்க் முழுக்க நுரை. பூட்டியதில் பிழை. ரேடியேற்றர் தலையிலிருந்தும் டேர்போவிலிருந்தும் வரும் காற்றுக் குழாய்கள் மெல்லியதாக, உள்விட்டம் 6 முதல் 8 மில்லிமீற்றராக இருக்க வேண்டும். அங்கே தடித்த ஹோஸ் போட்டால் கூலன்ட் பீச்சி அடித்து டாங்க்கில் உள்ள காற்றைக் கலக்கி, அடி ஹோஸ் வழியாக மறுபடி பம்புக்கே அனுப்பும். காற்றைப் பிரிக்கப் பூட்டிய டாங்க் காற்றைக் கலந்து கொடுக்கும் கூத்து. மெல்லிய குழாய் போடுங்கள், அல்லது இடையில் சின்னத் துளை வைத்த அடைப்பு வையுங்கள். டாங்க் எஞ்சினின் எல்லாத் தண்ணீர் வழிகளையும்விட உயரத்தில் நிற்கிறதா என்றும் பாருங்கள். பொனட் மூடவில்லை என்று இரண்டு அங்குலம் கீழே இறக்கிப் பூட்டியிருந்தால், டேர்போவின் மேல் வளைவில் காற்று குந்தியிருக்கும்.

மூன்றாவதுதான் பயப்பட வேண்டியது. எஞ்சின் பச்சைத் தண்ணியாக ஆறியிருக்கும்போதே, ஸ்டார்ட் பண்ணியவுடன் ஒரே சீராகக் குமிழி; ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் விறைக்கிறது; டாங்க்கை மோந்தால் சைலன்சர் மணம். சிலிண்டரில் எரிந்த வாயு கூலன்ட்டுக்குள் வருகிறது, பெரும்பாலும் ஹெட் கேஸ்கட், அதாவது ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் உள்ள அடைப்புத் தகடு. உறுதி செய்ய நீலத் திரவச் சோதனை இருக்கிறது: டாங்க் வாயில் வைத்து உள்ளே உள்ள காற்றை அந்தத் திரவத்தின் ஊடாக இழுப்பார்கள், நீலம் மஞ்சளானால் கேஸ்கட் போய்விட்டது. ஆனால் டேர்போவின் பூஸ்ட் ஏறும்போது மட்டும் கசியும் கேஸ்கட், ஐட்லிங்கில் நல்லதுபோல் நடிக்கும். ஒரு நல்ல ஓட்டம் ஓடி வந்தவுடன் சோதியுங்கள். இதை விட்டுவிட்டு இன்னும் பெரிய டாங்க் தேடுவது பணத்தைக் கடலில் போடுவது.

அறிகுறி: நின்றால் சூடு, ஓடினால் சரி

கோணேசர் கோயிலுக்குக் கோட்டை வாசலால் நுழைந்து, மானுக்கும் சனத்துக்கும் வழிவிட்டு ஊர்ந்து ஏறும்போது முள் ஏறி, நிலாவெளி ரோட்டில் இறங்கினால் சரிவருகிறதா? ஃபேன். டாங்க்குக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஏ/சி போட்டால் ஓடுகிறதா, சூட்டில் தானாக ஓடுகிறதா என்று தனித்தனியாகப் பாருங்கள். மோட்டர் மாற்றிய கார் என்றால் ஒரு கடதாசித் தாளை முன்புறக் கிறில்லில் பிடியுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். பறந்தால் வயர் மாறிப் பூட்டப்பட்டு ஃபேன் எதிர்ப்பக்கம் சுற்றுகிறது. பெரிய டாங்க்குக்கு இடம் எடுக்க ஃபேன் கூட்டை வெட்டியிருந்தால், அந்த இடத்தால் காற்று குறுக்கு வழியில் போகும்.

அறிகுறி: ஓடினால் சூடு, நின்றால் சரி

இது தண்ணீர் ஓட்டமும் ரேடியேற்றரும். பொனட்டைத் திறந்து ஒருவரை 3000 சுற்றுக்கு ரேஸ் பண்ணச் சொல்லிக் கீழ் ஹோஸைப் பாருங்கள். உறிஞ்சலில் அது ஒடுங்கினால் உள்ளே இருந்த ஸ்பிரிங் துருப்பிடித்துப் போயிருக்கும், அல்லது மாற்றிய ஹோஸில் ஸ்பிரிங்கே இல்லை.

ஒடுங்கவில்லையா, ரேடியேற்றரின் தகடுகளைத் தொட்டுப் பாருங்கள். குச்சவெளி, நிலாவெளிப் பக்கம் கடற்கரையை ஒட்டி நிறுத்தும் கார்களில் ஏ/சி கன்டென்சருக்கும் ரேடியேற்றருக்கும் இடையில் உப்பு உட்கார்ந்துவிடும். விரலால் தட்டினால் தகடு வெள்ளைத் தூளாக உதிரும். குழாயிலிருந்து தகடு விட்டுப்போனால் கசிவு இருக்காது, குளிர்ச்சியும் இருக்காது. அதற்கு மாற்று ரேடியேற்றர்தான். நல்ல நிலையில் உள்ளதை எஞ்சின் பக்கமிருந்து, குறைந்த அழுத்த நல்ல தண்ணீரால் மாதம் ஒருமுறை கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் பீச்சி அடிக்கவிட்டால் தகடு மடியும்.

அப்புறம் தேர்மோஸ்டற். "தம்பி, அதைக் கழற்றி எறிஞ்சிட்டு ஓடுங்கோ, ஒண்டும் வராது" என்று சொல்லும் கராஜ் ஒவ்வொரு ஊரிலும் உண்டு. பல ஜப்பான் எஞ்சின்களில் தேர்மோஸ்டற் திறக்கும்போதே அதன் அடித் தகடு பைபாஸ் வழியை மூடும். கழற்றினால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்கும். சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேற்றரைப் பார்க்காமலே எஞ்சினுக்குத் திரும்பும். மெல்ல ஓட்டும்போது குளிராகவும், இழுக்கும்போது சூடாகவும் இருக்கும். கழற்றிய தேர்மோஸ்டற்றைச் சட்டித் தண்ணீரில் போட்டு வெப்பமானியோடு சூடாக்குங்கள். அதில் பொறித்த பாகை அளவில், 78 அல்லது 82, திறக்கத் தொடங்க வேண்டும். திறக்காவிட்டால் புதியது.

அறிகுறி: எஞ்சினை நிறுத்திய பிறகு டாங்க்கில் கொதிக்கும் சத்தம்

டேர்போ சூட்டோடு நின்றால் அதைச் சுற்றியுள்ள கூலன்ட் கொதிக்கும், பம்பும் நின்றுவிட்டது. உயரத்தில் இருக்கும் அழுத்த டாங்க்குக்கு அந்த ஆவி ஏறி, குளிர்ந்த கூலன்ட் இறங்க வேண்டும். அந்தக் குழாய் மேல்நோக்கியே போகிறதா, இடையில் தொங்கி வளைகிறதா என்று பாருங்கள். கொஞ்ச நேரம் கடகடத்து அடங்கினால் விட்டுவிடலாம். வெளியே தள்ளினால் மூடியைப் பாருங்கள். கடைசி இரண்டு கிலோமீற்றரை மெதுவாக ஓட்டி வந்து நிறுத்துவது, வாங்கும் எந்தப் பொருளையும்விட இதற்கு உதவும்.

அறிகுறி: ஏறியிருந்த முள் திடீரென்று கீழே விழுகிறது

உடனே நிறுத்துங்கள். சரியாகிவிட்டது என்று சந்தோஷப்படும் அறிகுறி இல்லை இது. சென்சரைச் சுற்றித் தண்ணீர் இல்லாமல் போனால் அது வெறும் ஆவியையும் காற்றையும் அளந்து குறைத்துக் காட்டும். முள் நடுவில் நின்றாலும் நம்ப வேண்டாம். பல கார்களில் சுமார் 75 பாகையிலிருந்து 100 பாகைவரை முள் அசையாதபடியே வைத்திருக்கிறார்கள். தனி வெப்பமானி ஒன்று பூட்டுவது டாங்க்கைவிட முதலில் செய்ய வேண்டிய செலவு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் மாலை மங்கும் நேரம் நின்றுவிட்டால், எஞ்சினைப் பார்ப்பதா யானையைப் பார்ப்பதா என்று ஆகிவிடும்.

அறிகுறி: கூலன்ட் பழுப்பாக, அல்லது கூழாக

பழுப்பு என்றால் துரு. கடலோரக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிய கார் அநேகமாக இப்படித்தான். உப்பும் கல்லும் கலந்த தண்ணீரில் அலுமினிய டாங்க், இரும்பு பிளாக், பித்தளை முனை எல்லாம் ஒன்றையொன்று அரிக்கும். பற்றரிக்கு ஊற்றும் டிஸ்டில் வாட்டர் பல எரிபொருள் நிலையங்களில் கிடைக்கிறது, அதையே ஊற்றுங்கள். பச்சையையும் பிங்கையும் கலந்தால் சில வகைகள் கூழாகி மெல்லிய குழாய்களை அடைக்கும். நிறத்தை நம்பி வாங்காமல் போத்தலில் எழுதியதை வாசியுங்கள். முழுக்கக் கூலன்ட்டாகவே ஊற்றினால் இன்னும் குளிரும் என்பதும் தவறு. தண்ணீர்தான் வெப்பத்தை நன்றாகச் சுமக்கும். நமக்கு உறைபனி இல்லை. துருத் தடுப்புக்கும் கொதிநிலைக்கும் 30 முதல் 50 வீதம் போதும்.

டாங்க்கில் பால்தேநீர் நிறத்தில் மிதந்தால் எண்ணெய் கலந்துவிட்டது. ஓட்டாதீர்கள்.

அறிகுறி: எங்கும் கசிவில்லை, ஆனால் குறைகிறது

சிலிக்கான் ஹோஸின் நுனியில் வெள்ளை அல்லது பிங்க் பொருக்கு இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். சூட்டில் கசியும் துளி அங்கேயே காய்ந்துவிடும், நிலத்தில் ஒன்றும் தெரியாது. பல் வெட்டிய சாதாரணக் கிளிப் சிலிக்கானை அறுக்கும். உட்பக்கம் மழமழப்பானதைப் போடுங்கள். டாங்க்கின் கால்கள் வெல்ட் பண்ணிய இடத்திலும் மயிரிழை வெடிப்பு வரும். ரப்பர் வாஷர் இல்லாமல் நேரே காரின் பொடியில் பூட்டியவற்றில் இது அதிகம். கைப்பம்பால் 1 பார் அழுத்தம் கொடுத்துப் பத்து நிமிடம் விடுங்கள். பம்பின் முள் இறங்கினால் கசிவு எங்கோ இருக்கிறது. வெளியே எங்கும் ஈரம் இல்லாமல் இறங்கினால் பிளக்குகளைக் கழற்றுங்கள்: மூன்று பிளக் பழுப்பாகவும் ஒன்று மட்டும் கழுவித் துடைத்ததுபோல் வெள்ளையாகவும் இருந்தால், தண்ணீர் அந்தச் சிலிண்டருக்குள் போகிறது.

அறிகுறி: கூலன்ட் இருக்கிறது, எச்சரிக்கை விளக்கு அணையவில்லை

பழைய போத்தலில் மட்ட சென்சர் இருந்திருக்கும், புது டாங்க்கில் அதற்கு இடமில்லை. வயர் இரண்டையும் சேர்த்து முறுக்கி விளக்கை அணைத்துவிடலாம் என்பார்கள். சில கார்களில் அணையும், சிலவற்றில் சேர்த்தால்தான் எரியும். எதுவானாலும் அந்த விளக்கு இனி உண்மை சொல்லாது. டாங்க் இன்னும் வாங்கவில்லையென்றால், சென்சர் துளையும் மட்டம் தெரியும் கண்ணாடிக் குழாயும் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள்.